இறக்கியதும் பூட்டிக்கொள்ளும் உத்தரம்

கலிஃபோர்னியாவின் கான்எக்ஸ்டெக் நிறுவனம் தயாரிக்கும் எஃகுச் சட்டகத்தின் அழகெல்லாம் அதன் மூட்டில் இருக்கிறது. சதுரத் தூணின் நான்கு மூலைகளிலும் ஆலையிலேயே தாங்கிகளைப் பற்றவைத்துவிடுகிறார்கள். கிரேன் உத்தரத்தை மேலிருந்து இறக்க, சரிவான விளிம்புகள் வழிகாட்ட, அது தன் எடையாலேயே உட்கார்ந்து பூட்டிக்கொள்கிறது. பிறகு போல்ட் முடுக்க வேண்டியதுதான். அந்த மூட்டுக்காக உயரத்தில் நின்று வெல்டிங் வைக்க வேண்டாம். எந்திரம் கடைந்த துல்லியம்தான் இந்த வேகத்தைத் தருகிறது. ஒரே மாதிரி மூட்டு கட்டடக் கலைஞரின் கையைக் கட்டிவிடாதா? வளைவும் கோணலும் கேட்கும் கட்டடத்தில் கட்டத்தான் செய்யும். ஆனால் அலுவலகமும் மருத்துவமனையும் பெரும்பாலும் நேர்கோட்டுக் கட்டங்களே. ஆலைச் செலவு கூடுமே என்பவர்கள், தளத்தில் மிச்சமாகும் நாட்களுக்கும் விலை போட்டுப் பார்க்கட்டும்.