ஏவியதைச் செய்யும் விரல்கள்

2024 ஆகஸ்டில் ‘பிளாக் மித்: வூகாங்’ என்ற சீன வீடியோ கேம் வெளிவந்து, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. அதை முன்கூட்டியே விளையாடிக் காட்டுவதற்காக ஒளிபரப்பாளர்கள் சிலருக்கு இலவசப் பிரதி தந்தபோது, வெளியீட்டுத் தரப்பிலிருந்து ஒரு பட்டியலும் கூடவே போனது. விளையாடும்போது எதையெல்லாம் பேசக்கூடாது என்ற பட்டியல். அரசியல் கூடாது, கோவிட் கூடாது, ‘பெண்ணியப் பிரச்சாரம்’ கூடாது. ஒரு குரங்கு வீரன் அசுரர்களை அடித்து வீழ்த்தும் கதைக்குள் பெண்ணியம் எந்தச் சந்து வழியாக நுழைந்துவிடும் என்று பயந்தார்களோ! ஆனால் பயந்தார்கள் என்பது எழுத்திலேயே இருக்கிறது.

அந்த டிசம்பரில் ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவின் ‘ஆண்டின் சிறந்த கேம்’ இறுதிப் பட்டியலிலும் வூகாங் இருந்தது. விருது ‘ஆஸ்ட்ரோ பாட்’டுக்குப் போனது. நல்ல கேம்தான், அந்தக் குட்டி ரோபோ துள்ளுவதைப் பார்த்தால் யாருக்கும் முகம் மலரும். ஆனால் 2024ஆம் ஆண்டை நான் நினைவில் வைத்திருப்பது அந்தப் பட்டியலின் ஆறு இடங்களில் ஒன்றில்கூட வராத நான்கு கேம்களுக்காக. அவற்றில் மூன்று போதிய கவனம் பெறவில்லை. ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் நான் கேட்ட பேச்சில் பெரும்பகுதி அதன் இரண்டு ஆண்களைச் சுற்றியே ஓடியது. கதைகளின் முக்கியத் திருப்பங்களை இங்கே சொல்லத்தான் போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் விளையாடிவிட்டு வரலாம்.

கேம் என்ற வடிவமே ஏவலில் தொடங்குகிறது. இந்தப் பொத்தானை அழுத்து, அந்தக் கதவைத் திற, பத்துப் பூ பறித்து வா. செய்தால் பாயின்ட், செய்யாவிட்டால் கதை நகராது. புத்தகம் படிக்கிறவள் மனத்துக்குள் மறுத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டலாம். கேம் விளையாடுகிறவள் தன் கையால் செய்து கொடுத்தாக வேண்டும். சொன்னதைச் செய்து நல்ல பெயர் வாங்குவதில் நமக்குள்ள பயிற்சி கொஞ்சநஞ்சமா? அதனால் ஒரு கேமைப் பார்க்கும்போது நாயகி பெண்தானா, அவளுக்கு எவ்வளவு உடை கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. என் விரல்களை யாருக்காக வேலை வாங்குகிறார்கள் என்று பார்க்கிறேன்.

‘இண்டிகா’ இதை முதல் கால் மணி நேரத்திலேயே செய்துகாட்டிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவைப் போன்ற, ஆனால் முழுக்க அதுவாக இல்லாத ஓர் உலகம். பனி மூடிய மடத்தில் இண்டிகா என்ற இளம் கன்னியாஸ்திரி. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டு வரும்படி அவளுக்குச் சொல்கிறார்கள். ஒரு நடை, இரண்டு நடை என்று திரையில் கணக்கு ஏறுகிறது. வாளியை இறக்கு, ஏற்று, ஊற்று, திரும்பப் போ. வேகமாக ஓடவும் முடியாது. ஐந்தாவது நடை முடிந்ததும் மூத்த கன்னியாஸ்திரி ஒருத்தி வந்து, கொண்டுவந்த தண்ணீரைத் தரையில் கொட்டிவிடுகிறாள். தண்ணீர் சுமப்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. சுமந்ததைக் கொட்டிவிட்டு முகம் பார்க்கும் மூத்தவளும் புதியவள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு விசாரணை தேவைப்பட்டது. கதையில் வரும் ஒருத்திக்காக நான் கோபப்படவில்லை. இறைத்தவள் நான். ஐந்து நடையும் ஏன் என்று கேட்காமல் இறைத்தவள்.

இந்தக் கேமில் பக்திக்குப் பாயின்ட் உண்டு. மெழுகுவர்த்தி ஏற்றினால், புனிதப் பொருள் ஒன்றைக் கண்டெடுத்தால் எண் ஏறும். வெட்கம், குற்றவுணர்வு, துக்கம் என்ற பெயர்களில் ‘திறன்’களை வளர்த்துக்கொள்ளலாம். அவற்றால் என்ன பயன் என்றால், இன்னும் அதிகப் பாயின்ட் கிடைக்கும். அவ்வளவுதான். இந்தப் பாயின்ட்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கேமே நம்மிடம் சொல்லியும்விடுகிறது. அப்படியும் மெழுகுவர்த்தியைக் கண்டால் கை தானாகப் போகிறது. மதம் பெண்ணை எப்படிக் கட்டிவைக்கிறது என்பதை விளக்கும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். என் ஆட்காட்டி விரலில் வைத்து விளக்கியது இதுதான். இண்டிகாவின் காதில் சாத்தான் பேசிக்கொண்டே இருக்கிறான். அவன் பேசப் பேச ஓரிடத்தில் அவளைச் சுற்றியுள்ள உலகம் பிளக்கிறது, ஜெபித்தால் ஒட்டிக்கொள்கிறது. பிளந்தால் ஒரு பாதை, ஒட்டினால் இன்னொரு பாதை. ஜெபத்தையும் சந்தேகத்தையும் மாறி மாறிப் பயன்படுத்தித்தான் அவள் அந்த இடத்தைக் கடக்கிறாள்.

இதைச் செய்த ‘ஆட் மீட்டர்’ மாஸ்கோவில் இருந்த ஸ்டூடியோ. உக்ரைன் போருக்குப் பிறகு கஜகஸ்தானுக்கு இடம்பெயர்ந்தது. தங்கள் தேசமும் திருச்சபையும் கைகோத்து நிற்பதைப் பார்த்தவர்களின் கசப்பு கேம் முழுக்க ஊறியிருக்கிறது. ஒரு மனக்குறையும் உண்டு. கதையைத் திருப்ப ஒரு சாவி தேவைப்படும்போது இவர்களும் பாலியல் வன்முறையைத்தான் கையில் எடுக்கிறார்கள். இவ்வளவு நுட்பமாக வாளியை வைத்துப் பேசத் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கக் கூடாது.

அடுத்தது ‘மவுத்வாஷிங்’. ஸ்வீடனின் ‘ராங் ஆர்கன்’ ஸ்டூடியோ செப்டம்பரில் வெளியிட்டது. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘துல்பார்’ என்ற சரக்கு விண்கலம், அதில் ஐந்து ஊழியர்கள். கேப்டன் கர்லி, துணை விமானி ஜிம்மி, மெக்கானிக் ஸ்வான்ஸி, பயிற்சிக்கு வந்த இளைஞன் டைசுகே, செவிலியர் அனியா. கலம் மோதி நொறுங்குகிறது. அதன் பிறகுதான் தெரிகிறது, அவர்கள் உயிரைக் கொடுத்துச் சுமந்து வந்த சரக்கு வாய் கொப்புளிக்கும் மருந்து. முதலாளித்துவத்தைப் பற்றிய கறுப்பு நகைச்சுவை என்று பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

அடியில் ஓடும் கதை வேறு. அனியா கர்ப்பமாக இருக்கிறாள். காரணம் ஜிம்மி, அவள் விருப்பத்தோடு நடந்தது இல்லை என்பதைக் கேம் சொல்லாமல் சொல்கிறது. அவள் கேப்டனிடம் போகிறாள். கர்லி நல்லவன், எல்லோருக்கும் பிடித்தவன், ஜிம்மியின் பழைய நண்பன். பேசுகிறேன் என்கிறான். பொறுத்துக்கொள்ளச் சொல்லும் நல்லவர்களை நமக்குத் தெரியும். கெட்டவனைவிட இந்த நல்லவன்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தான். நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயமில்லை; மாவட்ட அளவிலான குழுவிடம் போக வேண்டும். விண்வெளியில் மாவட்டம் ஏது? அனியாவுக்குக் கர்லிதான் கடைசி அலுவலகம்.

ஓரிடத்தில் அவள் கதவுகளைப் பற்றிக் கேட்கிறாள். மருத்துவ அறைக்குப் பூட்டு இருக்கிறது. ஊழியர்கள் தூங்கும் அறைக்கு இல்லை. ஏன் இல்லை? சாதாரணமாகக் காதில் விழுந்து போகிற கேள்வி. விடுதியில், வாடகை வீட்டில், ரயில் கழிவறையில் நுழைந்தவுடன் கையால் தாழ்ப்பாளைத் தேடும் எவளுக்கும் அங்கேயே முழுக் கதையும் புரிந்துவிடும். புரியாதவர்களுக்காகக் கேம் இன்னும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இதில் நம் விரல்கள் யாருக்காக வேலை செய்கின்றன? பெரும்பாலும் ஜிம்மிக்காக. தொடக்கத்தில் கலத்தை விண்கல்லின் மேல் மோதவிடும் கை நம்முடையது. மோதியவன் கர்லி என்று நம்பவைக்கப்படுகிறோம். பிறகுதான் அது ஜிம்மியின் கை என்று தெரிகிறது. உடலெல்லாம் சிதைந்து பேசவும் முடியாமல் கிடக்கும் கர்லியின் வாயைத் திறந்து மாத்திரை திணிப்பதும் நாம்தான். கடைசியில் அனியா மருத்துவ அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள், பூட்டு உள்ள அந்த அறை. அந்தக் கதவின் வெளிப்பக்கம் நாம் நிற்கிறோம். ஜிம்மி தன்னை மீட்பனாக நினைத்துக்கொண்டு இட்ட கட்டளைகளை எல்லாம் நாம் நிறைவேற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். பொறுப்பேற்பதைப் பற்றி ஓயாமல் பேசும் ஒருவனுக்குப் பொறுப்பு என்பது எவ்வளவு வசதியான சொல் என்பதை வெளியிலிருந்து காட்டியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். அவன் கண்ணுக்குள் உட்காரவைத்ததால் தப்பிக்க வழியில்லை.

அதே காரணத்தால்தான் எனக்கு இந்தக் கேமோடு சண்டையும். கர்லியாக விளையாடுகிறோம், ஜிம்மியாக விளையாடுகிறோம். ஒரு நிமிடம்கூட அனியாவாக இல்லை. அவளுக்கு அச்சம் உண்டு, எச்சரிக்கை உண்டு, மருத்துவப் படிப்பில் சேர முயன்று முயன்று தோற்ற கதை உண்டு. ஆனால் அவள் சாவு அந்த இருவர் மேலான குற்றப்பத்திரிகையில் ஒரு சாட்சியமாகவே முடிகிறது. ஆண் எப்படித் தன்னிடமே பொய் சொல்கிறான் என்பதைப் பெண்ணுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. அப்படியானால் இந்த வகுப்பு யாருக்கு நடத்தப்படுகிறது? ஆண்களுக்கு என்றால், நடக்கட்டும், தேவைதான். ஆனால் அந்த வகுப்புக்கு ஒவ்வொரு முறையும் ஒருத்தி பிணமாக வந்து கிடக்க வேண்டியிருக்கிறது. நான்கில் மிகக் கச்சிதமாகக் கட்டப்பட்டது இதுதான் என்று சொல்லிக்கொண்டே இதையும் சொல்கிறேன்.

‘1000 எக்ஸ் ரெசிஸ்ட்’ கச்சிதத்துக்கு நேர் எதிர். கனடாவின் வான்கூவரில் ‘சன்செட் விசிட்டர்’ என்ற குழு செய்தது. நிகழ்த்துகலைகளிலிருந்து பெருந்தொற்றுக் காலத்தில் கேமுக்கு வந்தவர்கள். நடப்பதும் பேசுவதும்தான் அதிகம். வழி தெரியாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எரிச்சல்பட்டேன். ஆனாலும் தோழிகள் யாராவது ஒரே ஒரு கேம் சொல் என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

அன்னியக் கோள்வாசிகள் கொண்டுவந்த ஒரு நோய். மனிதர்கள் அழுது அழுதே சாகிறார்கள். ஐரிஸ் என்ற பதின்வயதுப் பெண்ணை மட்டும் அது தொடவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து அவளுடைய நகல்களான சகோதரிகள் பூமிக்கடியில் வாழ்கிறார்கள். அவள் அவர்களுக்கு ‘சர்வ தாய்’, தெய்வம். ஒவ்வொரு சகோதரிக்கும் ஒரு கடமை. நாம் விளையாடும் சகோதரியின் கடமை பார்ப்பது. ஐரிஸின் நினைவுகளுக்குள் இறங்கி, ஒரே பள்ளிக்கூடத்தை வெவ்வேறு காலங்களில் நடந்து பார்க்கிறோம். தாயின் புகழைப் பாடத்தான் அனுப்புகிறார்கள். உள்ளே இருப்பது வேறு: ஹாங்காங்கில் 2019 போராட்டங்களில் நின்று, பிறகு கனடாவுக்கு வந்துவிட்ட பெற்றோர், அவர்களுடைய மௌனம், அந்த மௌனத்தின் மேல் மகளுக்கு உள்ள வெறுப்பு, புதிதாக வந்த ஜியாவோ என்ற பெண்ணிடம் அந்த மகள் காட்டும் கொடூரம்.

முந்தைய ஆண்டு வந்த ‘வெண்பா’வை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதுவும் கனடாதான், அதுவும் புலம்பெயர்ந்த தாய்தான். நம் மொழி பேசுகிறவள். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று ஒரு கேம் கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் வெண்பாவின் உலகில் சமையல் ஒரு பாலம். மகன் எவ்வளவு தூரம் போனாலும் அம்மாவின் கைப்பக்குவம் வழியாகத் திரும்ப முடியும். அம்மா காத்திருப்பாள், மன்னிப்பாள். அந்தக் காத்திருப்பின் விலையை அந்தக் கேம் மென்மையாகத்தான் கேட்கிறது. ‘1000 எக்ஸ் ரெசிஸ்ட்’டில் மகள் திரும்புவதில்லை. தாயிடம் வாங்கிய காயத்தைத் தன் ஆயிரம் மகள்களுக்கும் சட்டமாக, பிரார்த்தனையாக, பள்ளிப்பாடமாக எழுதிவைக்கிறாள். பாதிக்கப்பட்டவள் அதிகாரத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பெண்களுக்குள்ளேயே வைத்துக் கேட்க நாம் தயங்குகிறோம். ஆண்கள் அதைத் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்ற நியாயமான அச்சம். இந்தக் கேமில் முக்கியப் பாத்திரங்கள் ஏறத்தாழ எல்லோரும் பெண்கள் என்பதால் அந்தக் கேள்வி எங்கேயும் நழுவ முடியவில்லை. தெய்வத்தைக் கொல்லும் காட்சியைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, ஏன் கொல்ல நேர்ந்தது என்று பின்னோக்கிப் போகிறார்கள். போகப் போக, கொன்றவள் மேலும் கோபமில்லை, செத்தவள் மேலும் முழுக் கோபமில்லை. இப்படி ஒரு நிலையில் என்னை எந்தக் கேமும் இதற்கு முன் விட்டதில்லை.

நான்காவது, ‘த கிரிம்சன் டைமண்ட்’, நால்வரில் அதிகம் ஒதுக்கப்பட்டவள். ஜூலியா மினமாட்டா என்ற கனடிய ஓவியர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தது. 1914, ஒன்டாரியோவின் வடக்கே ஒரு சிற்றூர். மீனின் வயிற்றில் ஒரு வைரம் கிடைக்கிறது. அருங்காட்சியகத்தில் எழுத்தராக இருக்கும் நான்சி மேப்பிள், கற்களைப் பற்றித் தானே படித்துத் தேர்ந்தவள், விசாரிக்கப் போகிறாள். மொத்தமே பதினாறு நிறங்கள். 1980களில் ராபர்ட்டா வில்லியம்ஸ் எழுதிய சாகசக் கேம்களைப் போல, செய்ய வேண்டியதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். பார், எடு, கேள், திற. இங்கே ஏவுவது நாம். எது முக்கியமான பொருள் என்று எதுவும் மின்னிக் காட்டாது. மேசையின் மேல் இருப்பதைப் பார்க்க நினைக்காவிட்டால் பார்க்கவே மாட்டீர்கள். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்காவிட்டால் அந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை. ஆங்கிலத்தில் பத்து இருபது வினைச்சொற்கள் போதும், பழைய லேப்டாப்பே போதும். சில நேரம் நாம் எழுதியது புரியவில்லை என்று கேம் சொல்லும். வேறு சொல் போட்டுப் பாருங்கள், அதற்கும் புரியவில்லை என்றால் இன்னொன்று. நான் ஒரு பூட்டைத் திறக்க ஏழு சொற்கள் தேடினேன்.