பாதியில் மாறும் விசாரணை அலுவலர்

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 14(22) நிர்வாக வசதியை நன்றாகக் காக்கிறது. ஊழியரின் நியாயத்தை அந்த அளவுக்குக் காக்கவில்லை. சாட்சியம் பாதி பதிவான நிலையில் விசாரணை அலுவலர் இடம் மாறினாலும் ஓய்வு பெற்றாலும், அடுத்து வருபவர் முன்னவரின் பதிவை ஏற்றுத் தொடரலாம். நீதியின் பொருட்டுத் தேவை என்று அவர் கருதினால் சாட்சிகளை மீண்டும் அழைக்கலாம்.

இதன் தகுதியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் விசாரணை முதலிலிருந்து தொடங்குமானால், தற்காலிகப் பணிநீக்கத்தில் காத்திருக்கும் ஊழியரே முதலில் நொறுங்குவார்.

குறை அதன் வார்ப்பில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 350ஆம் பிரிவு, புதிய நடுவர் முன் சாட்சிகளை மறுபடி விசாரிக்கக் கோரும் உரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே தந்திருந்தது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நடுவரின் கருத்துக்கு விட்டது. 14(22)இன் சொற்கள் ஏறத்தாழ அந்தத் திருத்திய வடிவமே. ஆனால் குற்றவியல் சட்டம் அங்கே நிற்கவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 326ஆம் பிரிவு, சாட்சியத்தின் சாரம் மட்டும் எழுதப்படும் சுருக்க விசாரணைகளில் முன்னவரின் பதிவை ஏற்கும் சலுகை இல்லை என்று வரம்பிட்டது. முன்னவரின் சுருக்கக் குறிப்பை நம்பித் தீர்ப்பளிக்க முடியாது என்பதை 2011இல் நிதின்பாய் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2024 வரை நடப்பில் இருந்த அதே 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 280ஆம் பிரிவு, சாட்சி நடந்துகொண்ட விதம் பற்றிய குறிப்பையும் பதிவில் சேர்க்கச் சொன்னது. கண்ணால் காணாத நீதிபதிக்கு அந்தக் குறிப்பு ஓரளவு துணை.

துறை விசாரணை விதியில் இவை இரண்டும் இல்லை. சட்டப் பயிற்சி இல்லாத அலுவலர் எழுதும் வாக்குமூலம் எவ்வளவு முழுமையானது என்ற கேள்வியையே அது எழுப்பவில்லை. கோப்புகளும் ரசீதுகளும் பேசும் வழக்கில் இதனால் கேடில்லை. ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் நிற்கும் வழக்கில், சாட்சியை ஒருமுறையும் பார்க்காதவர் எழுதும் முடிவு எதன்மேல் நிற்கிறது?

விதியை நீக்க வேண்டியதில்லை. பின்வருபவர் மறுவிசாரணையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், நம்பகத்தன்மையே தீர்மானிக்கும் வழக்கில் ஊழியரின் கோரிக்கை அவரைக் கட்டுப்படுத்த வேண்டும். இந்த இரண்டும் சேரும்வரை 14(22) பாதி நிறைவேறிய விதிதான்.