திரையை அறியாத கணக்கு

பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருக்கையைத் தொட்டதும் கட்டணம் கூடுகிறது. கூப்பன் போட்டால் குறைகிறது. இந்தக் கணக்கைப் பொத்தானுக்கான நிரலிலேயே எழுதிவிடலாம், வேலையும் செய்யும். ஆனால் போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு வழக்கமாக அந்தத் திரையைத் தாங்கும் ஆக்டிவிட்டியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். தேர்ந்தெடுத்த இருக்கையும் அதோடு போய்விடும்.

கூகுள் 2017இல் கொண்டுவந்த வியூமாடல் என்ற கிளாஸ் இந்தத் திருப்பலில் அழியாது. புதிய திரை வந்ததும் பழைய நிலவரத்தை அப்படியே கையில் கொடுக்கும். எனக்கு அதில் பிடித்ததே அதன் ஒதுக்கம்தான். இப்போதைய கட்டணம் இவ்வளவு என்று அறிவிக்கும். அதை எந்தத் திரை, எந்த நிறத்தில் காட்டுகிறது என்று கேட்காது. இப்படித் திரையையும் கணக்கையும் பிரித்துவைக்கும் யோசனை பழையது. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எம்விசி (மாடல்-வியூ-கண்ட்ரோலர்) முறையை வகுத்தார்.

கட்டண விதிகளை வியூமாடலிலும் வைக்காமல் தனி கிளாஸில் எழுதுவது இன்னும் அழகு. மூன்று பயணிகள், காலாவதியான கூப்பன் என்று கொடுத்தால் விடை சரியா என்பதை போனோ எமுலேட்டரோ இல்லாமலே நொடியில் சோதிக்கலாம். இரண்டே திரை உள்ள செயலிக்கு இத்தனை அடுக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் கைமாறும் செயலியில் நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். எக்ஸ்எம்எல்லில் எழுதிய திரைகளை ஜெட்பேக் கம்போஸ் என்ற முறைக்கு மாற்றும்போதுகூட அந்தக் கட்டணக் கோப்பில் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை.