ரப்பர்ப் பாலும் நுண்துளை மணிகளும்

விடியற்காலையில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சென்றால், மரங்களில் சிரட்டை கட்டி ரப்பர்ப் பால் வெட்டுவதைக் காணலாம். அந்தப் பாலிலுள்ள ரப்பர், ஐசோப்ரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சங்கிலிகள் யாவும் ஒரே நீளமுடையவை அல்ல. மூலக்கூறு எடை ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சத்திற்கு மேலும் பரவியிருக்கும். ஆலையில் ரப்பரை அரைப்பது எளிதா கடினமா என்பது பெரும்பாலும் இந்தப் பரவலைப் பொறுத்தது.

இதை அளக்க, ரப்பரைக் கரைத்து, நுண்துளை மணிகள் நிரப்பிய குழாயில் செலுத்துகிறோம். 1964-இல் மூர் என்பவர் வெளியிட்ட முறை இது. இதைச் ‘சல்லடை’ என்று விளக்குவது பொருந்தாது. சல்லடையில் சிறியது முதலில் விழும். இங்கோ பெரியதே முதலில் வெளிவரும்! சுசீந்திரம் தேர் சந்துகளில் நுழையாமல் நேரே போய்விடும். சிறுவர்கள் சந்துதோறும் புகுந்து பிந்துவார்கள் அல்லவா? அதுபோலத்தான்.

சரி, எந்த மணி நல்லது? விற்பனைப் பட்டியல்கள் ‘தட்டு எண்ணிக்கை’யைப் பெரிதாக அச்சிடுகின்றன. அது கூடக்கூட, வெளிவரும் பட்டை குறுகும் என்பது உண்மையே. ஆனால் அதை அளப்பது டொலுவீன் போன்ற சிறு மூலக்கூறைக் கொண்டு. ரப்பருக்கு ஏற்ற துளைகள் உண்டா என்பதை அது சொல்லாது. துளைகள் யாவும் சிறியனவாக இருந்தால், எல்லை கடந்த சங்கிலிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கூரிய முகடாக வரும். அதைப் பார்த்து ‘சீரான ரப்பர்’ என்று மாணவர் எழுதிவிடலாம்.

மற்றொன்று இயற்பியல் சார்ந்தது. தட்டு எண்ணிக்கையைக் கூட்ட மணிகளை 3 அல்லது 5 மைக்ரானாகச் சிறுக்கிறார்கள். மணிகளுக்கிடையே உள்ள இடுக்கில் திரவம் விரைந்து பாயும்போது மிக நீண்ட சங்கிலிகள் இழுபட்டு அறுந்துவிடக்கூடும். அளக்க வந்த கருவியே சங்கிலியை வெட்டிவிட்டு, ‘குட்டை’ என்று தீர்ப்புக் கூறினால் பழி ரப்பர் மீதல்லவா விழும்? ஆகவே நான் தேர்வது, பல அளவுத் துளைகள் கலந்த, 20 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளை. தட்டுகள் குறைவுதான், பாதகமில்லை, மெதுவாகச் செலுத்தினால் போதும். சிலிகா மணிகள் அழுத்தம் தாங்குபவை. ஆனால் அவற்றின் பரப்பு சில பாலிமர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ரப்பரில் ஒரு பகுதி கரைவதே இல்லை. குழாய் அடைபடாதிருக்க அதை முன்பே வடிகட்டி விடுகிறோம். அறிக்கையைப் படிக்கும்போது, வடிகட்டியில் தங்கியது எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.