மாதிரிக் கட்டுரைக்குள் வராத மின்பொறியியல்



தொழில்நுட்பம் பற்றி நம்மிடையே சுற்றிவரும் மாதிரிக் கட்டுரைகளில் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்க. மொழியில் பிழை இருக்காது. பழமொழி இருக்கும். பொறியியலாளர் ஆனால் கைநிறையச் சம்பளம் என்றும் இருக்கும். பொறியியல் துறையில் என்னதான் படிக்கிறார்கள், எதை ஆராய்கிறார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

பேராக்கில் இருந்துகொண்டு இப்படி எழுதுவது பெரிய குறை. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இல் ஈப்போவில் தொடங்கியது. பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997 முதல் ஸ்ரீ இஸ்கண்டாரில் இயங்குகிறது. இரண்டிலும் மின்பொறியியல் உண்டு.

அங்கே படிக்கும் ஒரே ஒரு கருத்தைப் பார்ப்போம்: பின்னூட்டக் கட்டுப்பாடு. அந்தக் காலத்துத் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டைப் புகைக் கொட்டகையில் உலர்த்துவார்கள். சூடு கூடினால் ஷீட் கெடும், குறைந்தால் காயாது. அங்கே வேலை செய்பவர் சூட்டைப் பார்ப்பார், விறகைக் கூட்டுவார், குறைப்பார். அளப்பது, வேண்டிய அளவோடு ஒப்பிடுவது, வித்தியாசத்தைத் திருத்துவது. அவ்வளவுதாங்க. இன்று கண்ணுக்குப் பதில் உணரி, கைக்குப் பதில் மோட்டார், அனுபவத்துக்குப் பதில் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் மாணவர் படிக்கிறார்.

ஆய்வு எங்கே வருகிறது? விறகு போட்டதும் சூடு ஏறாது, நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் மேலும் போட்டால் அளவுக்கு மீறி ஏறும். பதறிக் குறைத்தால் ஒரேயடியாக இறங்கும். தாமதம் இருந்தும் இப்படி ஊசலாடாமல் நிலைநிறுத்துவது எப்படி? நம் மின்கட்டமைப்பை 50 ஹெர்ட்சில் வைத்திருப்பதற்கும் இதே கேள்விதான்.

இவ்வளவையும் தமிழில் சொல்ல முடிகிறதே! புகழத் தமிழ், விளக்க வேறு மொழி என்றுதான் அந்த மாதிரிக் கட்டுரைகள் சொல்லாமல் சொல்லித் தருகின்றன. தாத்தா செய்த வேலையிலேயே பொறியியல் இருந்தது என்பது தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது.

“பரீட்சைக்கு இதெல்லாம் வேணுமா டீச்சர்?” வேணும். கருத்து விளக்கக் கட்டுரை கேட்பதே காரணமும் எடுத்துக்காட்டும்தான்.

பயிற்சி: தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவையைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்க. புகழ வேண்டாம், எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க.