நாலு வீசம் கால்

போன ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கப் போனவள்தான் நான். இந்த ஆடியில் கடைக்காரர் புடவையை விரித்துக் காட்டினால், ‘இதில் எத்தனை சதுரம் வெட்டலாம்?’ என்று மனசு கணக்குப் போடுகிறது. இடையில் ஓடியது ஒரே ஒரு வருடம். நாலு குயில்ட், பேத்திக்கு ஒரு தொட்டில் விரிப்பு, விரலில் ஒரு வெட்டுக்காயம், கட்டிலுக்கடியில் எத்தனை கிடக்கின்றன என்று எனக்கே தெரியாத குண்டூசிகள். இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை காலமும் எனக்கு யாரும் சொல்லாமல் விட்டார்களே!

குயில்ட் பெரிய சூத்திரமெல்லாம் இல்லை. மேலே ஒட்டுத்துணிகளைக் கூட்டித் தைத்த முகம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஊடே ஓடும் தையல். அவ்வளவுதான்.

“மதுரை வெயிலுக்கு ரஜாய் எதுக்கும்மா?” என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. பாலியெஸ்டர் பஞ்சுத் தகட்டை நடுவில் வைத்தால் சித்திரையில் அடுப்புக்குள் படுத்த மாதிரிதான் இருக்கும். அதனால் வங்காளத்துக் காந்தா வழிக்குப் போனேன். பழைய பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது அவர்கள் வழக்கம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவைக்கு மேல் என்ன பஞ்சு வேண்டும்? கேட்ட மனிதர் இப்போது அதைத் தவிர வேறெதையும் போர்த்துவதில்லை.

முதல் குயில்டுக்கு ‘நைன் பேட்ச்’ எடுத்தேன். இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று மூன்றாய்க் கூட்டினால் ஒரு கட்டம். ஓரத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். கட்டம் ஆறரை அங்குலம் வர வேண்டும். எனக்கு ஆறேகால்தான் வந்தது. ஸ்கேலைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன். உட்கார்ந்து யோசித்தால், ஓரத்துக்கு ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடப் பிடித்திருக்கிறேன். ஒரு தையலில் இரண்டு ஓரம், வரிசைக்கு இரண்டு தையல். நாலு வீசம் கால். பத்துக் கட்டத்துக்கு இரண்டரை அங்குலத்தைத் தையல் தின்றிருக்கும்! வீசம், மாகாணி என்று தாத்தா வாய்ப்பாடு ஒப்பித்தபோது வாயைப் பொத்திச் சிரித்தவள் நான். ஐம்பத்தெட்டு வயதில் அது வந்து வேலையைக் காட்டியது.

அன்றைக்கே மெஷின் தட்டில், ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளிப் பிளாஸ்திரி ஒட்டினேன். துணியின் விளிம்பு அதை உரசிக்கொண்டே போனால் போதும். அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மடிப்பை எதிரெதிர்ப் பக்கமாகப் படிய வைக்கவும் கற்றுக்கொண்டேன். அப்படி வைத்தால் சந்திக்கும் இடத்தில் இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். விரல் நுனியில் அந்தப் பூட்டு விழுவதை உணர்வதற்காகவே நான் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் நிற்கும். அடடா, அதற்கு ஈடு கிடையாது!

இஸ்திரி போடுவதையும் புதிதாகப் படித்தேன். பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். முக்கோணம் வெட்டினாலோ ஒரு பக்கம் ‘கிராஸ்’ விழும். அதை இழுத்துத் தேய்த்தால் அப்பளம் மாதிரி நெளியும். என் இரண்டாவது குயில்டின் ஒரு மூலையில் அந்த அப்பளம் இன்னும் இருக்கிறது.

மூன்றாவதுதான் என் அகம்பாவத்தை அடக்கியது. மெரூன் சுங்குடியும் வெள்ளை பாப்ளினும் மாற்றி மாற்றி வைத்தேன். சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் விரலால் முடிச்சிட்டு வந்தது என்பதால், புள்ளி வெட்டுப்படாமல் பார்த்துப் பார்த்து வெட்டினேன். இரண்டு மாத வேலை. முன்கூட்டித் துவைக்க மட்டும் சோம்பல். முதல் துவைப்பில் வெள்ளையெல்லாம் ரோஸ். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. இப்போதெல்லாம் சாயத்துணி வீட்டுக்குள் வந்தால் நேரே கல்லுப்புத் தண்ணீருக்குப் போகிறது. கூடவே ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டை வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் கத்திரி எடுப்பேன். வேடிக்கை என்னவென்றால், பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது அந்த ரோஸ் குயில்டைத்தான்.

நாலாவதுக்குக் கர்நாடகம் போனேன், கைபேசி வழியாக. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் ‘கவந்தி’ தைக்கிறார்கள். ஸ்கேல் இல்லை, கட்டம் இல்லை. ஒரு புடவையை விரித்து, மூலையில் தொடங்கி, துண்டுகளை ஓரமாகச் சுற்றிச் சுற்றி வைத்துக் கைத்தையலிலேயே நடுவுக்கு வந்துவிடுகிறார்கள். கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைக்கிறார்கள். கால் அங்குலத்துக்கே அடிமையாக இருந்த எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த குயில்ட்களையும் அப்படித்தான் பார்த்தேன். முழங்கால் வெளுத்த இடம்கூட அப்படியே இருக்கிறது. குளிருக்குத் தைத்தவை அவை. 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளாகவும் வந்தன. அன்று ராத்திரியே வீட்டுக்காரரின் பழைய லுங்கிகளை எண்ணினேன். அவர் இப்போது பீரோவைப் பூட்டி வைக்கிறார்.

இந்த வருடம் எனக்குச் சேர்ந்த சொத்து ஐந்து துணிமூட்டை. தையல்காரத் தம்பி ஜாக்கெட் வெட்டிய மிச்சத்தைப் பையில் போட்டு வைக்கிறார். “குப்பைக்குப் போறதுதானக்கா” என்பார். குப்பையா? உள்ளங்கை அகலம் இருந்தால் எனக்கு அது ஒரு சதுரம்!

எங்கள் தெருவுக்குப் பழைய துணி வாங்கிப் பாத்திரம் கொடுப்பவர் ஒருவர் வருவார். வருடக்கணக்காக என் பருத்திப் புடவைகளெல்லாம் அவரிடம் கிண்ணமாகவும் தட்டாகவும் மாறின. போன வாரம் அவர் மூட்டையில் நைந்த கண்டாங்கி ஒன்று, கட்டம் கட்டமாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடி, அவரிடமே வாங்கிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்து நீட்டினேன்.

“யக்கா, துணிய வாங்கிட்டுப் பாத்திரம் குடுக்குறதுதான் என் தொழிலு. பாத்திரத்தக் குடுத்துத் துணி கேக்குறது நீங்க ஒருத்தருதான்” என்றார். பேரம் படியவில்லை. மறுபடி உள்ளே போய்த் தூக்குவாளியையும் கொண்டுவந்தேன்.