கேமர்களுக்கு லினக்ஸ் வழங்கல்கள் செய்வதும் செய்யத் தவறுவதும்

லினக்ஸில் கேம் ஆட முடியுமா என்று கேட்ட காலம் போய்விட்டது. வால்வ் நிறுவனம் தன் கேம் கடையான ஸ்டீமின் பயனர்களைப் பற்றி மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில், 2025 அக்டோபரில் லினக்ஸின் பங்கு முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. அதே மாதம் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் இன்று கேட்பது ஒன்றைத்தான்: 'எந்த டிஸ்ட்ரோ (வழங்கல்) போடலாம்?' கேமிங்குக்கென்றே பெயர் சூட்டிக்கொண்ட வழங்கல்களின் பட்டியலைப் பதிலாகத் தருவது எளிது. ஆனால் ஒரு வழங்கல் கேமருக்குச் செய்யும் பேருதவி, கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பு வேலையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த வேலையை வைத்தே வழங்கல்களை எடைபோட வேண்டும்.

இந்த இடத்துக்கு வந்து சேர லினக்ஸுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1998இல் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர், விண்டோஸ் கேம்களை ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்றி விற்றது. வாங்க ஆள் போதாமல் 2002 தொடக்கத்தில் அது மூடப்பட்டது. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தபோதும் அடிப்படை எண்ணம் மாறவில்லை: கேமை உருவாக்குபவர்களே லினக்ஸ் பதிப்பையும் தர வேண்டும். அந்த நம்பிக்கையில் 2015 இறுதியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் மெஷின் கணினிகள் எடுபடவில்லை. ஆட்டம் இல்லாததால் ஆள் வரவில்லை, ஆள் இல்லாததால் ஆட்டமும் வரவில்லை. 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்ட புரோட்டான் இந்த முடிச்சை வேறு வழியில் அவிழ்த்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேமை அப்படியே எடுத்து லினக்ஸில் ஓட்டுவது அதன் வேலை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட 1993 முதல் வளர்ந்துவரும் வைன் அதன் அடித்தளம். விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸ் கட்டளைகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே அதன் முதுகெலும்பு. 2022 பிப்ரவரியில் வந்த வால்வின் கைக்கருவி ஸ்டீம் டெக், இவை அன்றாடப் பயன்பாட்டுக்குத் தாங்கும் என்று காட்டியது.

வழங்கல்களின் பங்கை எடைபோடுவதற்கு முன், கேம் எங்கே ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புரோட்டான் வழியாக ஓடும் கேம், கணினியில் நிறுவப்பட்ட பெரும்பாலான நூலகங்களைத் தொடுவதே இல்லை. ஸ்டீம் தனக்கென ஒரு கன்டெய்னரை வைத்திருக்கிறது. டெபியனிலிருந்து எடுத்துக் கட்டிய நூலகங்கள் அதற்குள் இருக்கின்றன. நீங்கள் ஃபெடோரா வைத்திருந்தாலும் ஆர்ச் வைத்திருந்தாலும் கேம் காண்பது ஏறக்குறைய ஒரே உலகத்தைத்தான். வெளியிலிருந்து உள்ளே போகும் முக்கியமானவை இரண்டு: கெர்னல், கிராஃபிக்ஸ் டிரைவர். ஆகவே வழங்கலின் பொறுப்பு சுருங்கியிருக்கிறது, கூடவே கூர்மையாகியும் இருக்கிறது. புதிய கெர்னலும் டிரைவரும் தருவது, சரியான இயல்பமைப்புகளை வைப்பது, ஸ்டீமை நிறுவும்போது கணினியைக் கெடுக்காமல் இருப்பது என்ற மூன்றிலும் தேறிய வழங்கல் எதுவானாலும் அது கேமிங் வழங்கல்தான்.

இயல்பமைப்பு என்ற சின்ன விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். ஒரு நிரல் நினைவகத்தில் எத்தனை தனித்தனிப் பகுதிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு லினக்ஸ் கெர்னலில் ஓர் உச்சவரம்பு உண்டு. பல்லாண்டுகளாக அது 65530. சர்வர்களுக்கும் அலுவலக வேலைக்கும் அது தாராளம். புதிய பெரிய கேம்கள் சிலவற்றுக்குப் போதாது. வரம்பை எட்டியதும் கேம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். திரையில் காரணம் எதுவும் வராது. ஆடுபவர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார், புரோட்டானைத் திட்டுவார், கடைசியில் விண்டோஸுக்கே திரும்பிவிடுவார். ஸ்டீம் டெக்கில் வால்வ் இந்த எண்ணை முன்பே மிக உயர்த்தி வைத்திருந்தது. ஃபெடோரா 39ஆம் பதிப்பில் அதை 1048576 ஆக்கியது. 2024இல் ஆர்ச்சும் உபுண்டு 24.04உம் அதையே செய்தன. ஒரு வரி மாற்றம்தான். கேமிங் என்ற சொல்லையே முன்னிறுத்தாத பொது வழங்கல்கள் செய்த இந்த மாற்றத்தால், காரணம் தெரியாமல் தவித்திருக்கக்கூடிய ஏராளமானோர் தப்பினார்கள். வழங்கல் ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான்.

டிரைவர் விஷயத்தில் நிலைமை இவ்வளவு சீராக இல்லை. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கான மேசா டிரைவர்கள் திறமூலம் என்பதால் எல்லா வழங்கல்களிலும் தாமாகவே வந்துவிடுகின்றன. எந்தப் பதிப்பு வருகிறது என்பதுதான் சிக்கல். 2025 மார்ச்சில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 கார்டு வந்தபோது டெபியனின் நிலைப்பதிப்பில் இருந்தவை கெர்னல் 6.1, மேசா 22.3. அந்தக் கார்டு பிறப்பதற்கு ஆண்டுகள் முன்பே உறையவைக்கப்பட்டவை அவை. டெபியனை இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை. மாறாமல் இருப்பதே அதன் வாக்குறுதி, சர்வர் வைத்திருப்பவருக்கு அது வரம். கடையிலிருந்து புதிய கார்டு வாங்கி வந்தவருக்கு ஃபெடோராவோ ஆர்ச்சோதான் பொருத்தம். 'லினக்ஸ் என்றால் டெபியன் போடு, நிலையாக இருக்கும்' என்ற பழைய பரிந்துரை இவருக்குத் தீங்கே செய்யும்.

என்விடியா கார்டு வைத்திருப்பவர்களின் பாடு வேறு. மூடிய டிரைவரைத் தன் களஞ்சியத்தில் வைப்பதில்லை என்பது ஃபெடோராவின் கொள்கை. அதை ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகும் டிரைவரின் கெர்னல் பகுதி உங்கள் கணினியிலேயே மறுபடி கட்டப்படும். அது முடியும்வரை காத்திராமல் மறுதொடக்கம் செய்தால் டிரைவர் இல்லாத திரைதான் வரவேற்கும். செக்யூர் பூட் இயங்கினால் சாவி ஒன்றை வேறு பதிவுசெய்ய வேண்டும். கொள்கையை நான் மதிக்கிறேன். அதன் விலையைப் புதிதாக வருபவர்கள்தான் கட்டுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். என்விடியாவுக்கெனத் தனி நிறுவல் கோப்பையே தந்த பாப் ஓஎஸ் இந்த இடத்தில் நல்ல முன்மாதிரி.

அதே பாப் ஓஎஸ்தான் மூன்றாவது பொறுப்பில், அதாவது பாதுகாப்பான நிறுவலில், மறக்க முடியாத பாடத்தையும் தந்தது. 2021 நவம்பரில், லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலை நடத்தும் லைனஸ் செபாஸ்டியன் லினக்ஸுக்கு மாறிப் பார்க்கும் தொடரை வெளியிட்டார். பாப் ஓஎஸ் நிறுவி, அதன் மென்பொருள் கடையில் ஸ்டீமைத் தேடி நிறுவப் பார்த்தார். நடக்கவில்லை. இணையத்தில் சொல்லியிருந்தபடி டெர்மினலில் கட்டளை கொடுத்தார். அகற்றப்படவிருக்கும் தொகுப்புகளின் நீண்ட பட்டியல் ஓடியது. தொடர வேண்டுமானால், 'ஆம், நான் சொன்னபடி செய்' என்ற பொருள்தரும் ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்யும்படி கேட்டது. செய்தார். டெஸ்க்டாப்பே காணாமல் போனது. களஞ்சியத்தில் தொகுப்புகளின் பதிப்புகள் அப்போது ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனதே மூலகாரணம். எச்சரிக்கையைப் படித்திருக்க வேண்டும் என்று அன்று பலரும் அவரையே குற்றம் சாட்டினார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. கேம் கடை ஒன்றை நிறுவச் சொன்னவரிடம், டெஸ்க்டாப்பை அழிக்கட்டுமா என்று கேட்கும் நிலைக்கே மென்பொருள் வந்திருக்கக் கூடாது. பாப் ஓஎஸ் குழு அப்படித்தான் புரிந்துகொண்டது. அடிப்படைத் தொகுப்புகளை அவ்வளவு எளிதில் அகற்ற முடியாதபடி, தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கருவியை உடனே திருத்தினார்கள். டெபியனின் ஆப்ட்டும் அதே திசையில் இறுக்கப்பட்டது. கேமர் ஒருவருக்கு நேர்ந்த சங்கடத்தால் ஆப்ட் பயன்படுத்தும் எல்லோருக்கும் பாதுகாப்பு கூடியது.

பொது வழங்கல்கள் கேமர்களை மறந்துவிட்ட தருணங்களும் உண்டு. 2019 ஜூனில், உபுண்டு 19.10 முதல் 32 பிட் தொகுப்புகளை நிறுத்தப்போவதாக, உபுண்டுவை உருவாக்கும் கனானிக்கல் அறிவித்தது. பராமரிப்புச் சுமையைப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று ஸ்டீம் கிளையண்டே 32 பிட். வைனும் ஆயிரக்கணக்கான பழைய கேம்களும் 32 பிட் நூலகங்களையே நம்பியிருந்தன. அந்தப் பதிப்பை ஆதரிக்கப்போவதில்லை என்று வால்வின் பொறியாளர் சொன்ன சில நாட்களில், தேவையான தொகுப்புகளை மட்டும் தொடர்வதாக கனானிக்கல் பின்வாங்கியது. 2025 ஜூனில் ஃபெடோராவிலும் இதே முன்மொழிவு எழுந்து, அதே எதிர்ப்பில் திரும்பப் பெறப்பட்டது. 32 பிட் விண்டோஸ் கேம்களை 64 பிட் நூலகங்களைக் கொண்டே ஓட்டும் வழி வைனில் வளர்ந்துவருவதால் இந்தச் சுமை ஒருநாள் குறையும். அதுவரை, மாற்று வழி தயாராகும் முன் பழைய பாதையை மூடக் கூடாது.

கனானிக்கலின் சொந்தத் தொகுப்பு முறையான ஸ்னாப்பில் ஸ்டீமைத் தந்ததும் இதே வகைத் தவறுதான். உபுண்டு தானே கட்டிய அந்தத் தொகுப்பைப் பற்றி வந்து குவிந்த புகார்களைப் பார்த்து, 2024 ஜனவரியில் வால்வின் பொறியாளர் ஒருவரே அதைத் தவிர்த்து அதிகாரபூர்வ டெப் தொகுப்பைப் பயன்படுத்தச் சொன்னார். தன் தொகுப்பு முறையை முன்னிறுத்தும் ஆசையில், நன்றாக ஓடிய ஒன்றின்மேல் கூடுதல் அடுக்கைப் போட்டதன் விளைவு அது.

இனி கேமிங்குக்கென்றே பிறந்த வழங்கல்கள். பேஸைட் ஃபெடோராவின் மாறா அடித்தள வகையில் கட்டப்பட்டது. முழு இயங்குதளமும் ஒரே படிமமாக வரும், புதுப்பிப்பு கெட்டால் முந்தைய படிமத்திலிருந்து தொடங்கலாம். என்விடியா டிரைவரும் ஸ்டீமும் உள்ளேயே இருக்கின்றன. பாப் ஓஎஸ்ஸில் நடந்த விபத்துக்கு இந்த அமைப்பில் ஏறக்குறைய இடமே இல்லை. சோபாவில் அமர்ந்து ஆட விரும்புபவருக்கும் கைக்கருவி வைத்திருப்பவருக்கும் நான் தயங்காமல் சொல்லும் பெயர் இது. விண்டோஸ் நிரல்களின் ஒத்திசைவு வேலையைக் கெர்னலிலேயே செய்ய உதவும், கெர்னல் 6.14இல் வந்த என்டிசிங்க் போன்ற புதுவசதிகளைச் சீக்கிரம் இயக்கிக் காட்டுவதும் இத்தகைய வழங்கல்களே. கெர்னலில் வசதி இருந்தும் அதற்குரிய மாட்யூலை ஏற்றாமல் விட்டால் கேமுக்குப் பலன் கிடைக்காது.

குறைகளும் அதே இடத்தில்தான் பிறக்கின்றன. வேகத்தைச் சொல்லி விளம்பரம் செய்யும்போது எச்சரிக்கை தேவை. முழு அமைப்பையும் புதிய பிராசசர்களுக்கெனக் கம்பைல் செய்வது கேஷிஓஎஸ்ஸின் பெருமை. ஆனால் கேம் ஓடுவது ஸ்டீமின் கன்டெய்னரில், வால்வ் கட்டிய புரோட்டானில். கெர்னலும் மேசாவும் தவிர மற்றவற்றை எப்படிக் கம்பைல் செய்தாலும் அந்தக் கன்டெய்னருக்குள் அது பெரும்பாலும் எட்டாது. வேலையில் பெரும்பகுதியைச் செய்வதும் கிராஃபிக்ஸ் கார்டு. வழங்கலை மாற்றினால் பிரேம் எண்ணிக்கை தாவும் என்று எதிர்பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாறுவார். இன்னொன்று ஆள்பலம். ஃபெடோராவைத் தழுவிய நோபாரா, புரோட்டான் ஜிஇ பதிப்பை உருவாக்கும் தாமஸ் க்ரைடர் ஒருவரின் முனைப்பில் பிறந்தது. அவரது உழைப்புக்கு லினக்ஸ் கேமர்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் சிறு குழுவின் ஓய்வு நேரத்தை நம்பி ஒரு கணினியின் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இருக்கும்போது, அந்த அபாயத்தை நிறுவுவதற்கு முன்பே ஆடுபவர் அறிந்திருக்க வேண்டும்.

எந்த வழங்கலாலும் தீர்க்க முடியாத ஒரு குறையும் உண்டு. வாலரன்ட் ஆட, ரயட் நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வேன்கார்ட் விண்டோஸ் கெர்னலில் உட்கார வேண்டும். 2024 மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் அது கட்டாயமானதும், அதுவரை வைனில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஏமாற்றுத் தடுப்பு நிரல்கள் 2021இலேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. அந்த வழியைத் திறப்பதும் மூடுவதும் கேம் நிறுவனத்தின் கையில். 2024 அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அந்த வழியை மூடிக்கொண்டது. ஏமாற்றுக்காரர்களை அடையாளம் காண்பது லினக்ஸில் கடினம் என்பது அதன் நிறுவனத்தின் வாதம். கெர்னலையே பயனர் மாற்றிக்கட்ட முடியும் இடத்தில் அந்த வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. நண்பர்களோடு இத்தகைய போட்டி ஆட்டங்களையே ஆடுபவரை லினக்ஸுக்கு அழைக்கும்போது இதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

இந்தக் கட்டுரையில் வால்வின் பெயர் இத்தனை முறை வருவதும் கவலைக்குரியதே. புரோட்டான் திறமூலம், ஸ்டீம் கடை அப்படியல்ல. வால்வின் அக்கறை நாளை மாறினால் எஞ்சுவது, பொதுவில் சேர்ந்துவிட்ட உழைப்பு மட்டுமே: வைன், மேசா, கெர்னல், கேம்களை நிறுவி ஓட்ட உதவும் லுட்ரிஸ், ஹீரோயிக் போன்ற கருவிகள்.

ஆகவே வழங்கல்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். கேமிங் வழங்கல்கள் சோதனைக்கூடங்களாகத் தொடரட்டும், அங்கே தேறியதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் மூலத் திட்டங்களுக்கு அனுப்பட்டும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்றவை கேமரைத் தொந்தரவு தரும் சிறுபான்மையாகப் பார்க்காமல், டெஸ்க்டாப்பின் பலவீனங்களை முதலில் கண்டுபிடிப்பவராகப் பார்க்கட்டும். நினைவக வரம்பைத் தொட்டதும், ஆப்ட்டின் ஓட்டையைக் காட்டியதும் கேமர்கள்தான். வழங்கலைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் கார்டுக்குரிய டிரைவர் இதில் எப்போது வரும்? புதுப்பிப்பு கெட்டால் எப்படித் திரும்புவேன்? இதைப் பராமரிப்பவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்குத் தெளிவான பதில் உள்ள வழங்கல், பெயரில் கேமிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட ஏற்றது.